பேரைச் சொல்லாதே, மாக்ரெட்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

பூந்தோட்ட வீதி பொலிஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது.

1947 ஆவணி. புதன்கிழமை பிற்பகல் மூன்று நாற்பது. கொட்டாஞ்சேனை வெயிலில் நாய்கூட ஒழுங்கைக்கு வராத நேரம்.

சார்ஜன் பொன்னம்பலம் வாய்க்குக் கொண்டுபோன பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார். மனுஷனுக்கு டெலிபோன் என்றாலே எரிச்சல். இருபத்தெட்டு வருஷ சேர்விஸில் நல்ல செய்தி சொன்ன டெலிபோனை அவர் கண்டதில்லை.

"ஹலோ... ஆர் கதைக்கிறது?"

"சார்ஜன் தொரெ! நான் மீரா சாஹிப்... கிணத்தடி ஒழுங்க கடை மீரா சாஹிப்! ஓடி வாங்க தொரெ!"

"என்ன மொதலாளி, கள்ளனோ?"

"கள்ளனில்ல தொரெ... தையக்காரப் புள்ள மாக்ரெட்..."

பொன்னம்பலம் கதிரையை விட்டு எழும்பினார்.

"மாக்ரெட்டுக்கு என்ன?"

"மவுத்தாப் பெய்த்தா! கழுத்துல அளவு நாடா சுத்தி ஈக்கி தொரெ... அல்லாவே!"

ரிசீவர் கீழே விழுந்து கயிற்றில் தொங்கியது.

எத்தனையோ பிணம் பார்த்த மனுஷன்! யப்பான்காரன் குண்டு போட்ட அன்று துறைமுகத்தில் பிணங்களைத் தோளில் சுமந்தவர். அப்படிப்பட்டவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"சார்ஜன்! என்ன கோல்?"

உள் அறையிலிருந்து தொப்பியை மாட்டியபடி வந்தான் சப்-இன்ஸ்பெக்டர் சிவபாதசுந்தரம். வயது இருபத்தாறு. இஸ்திரி போட்ட காக்கி. முகம் தெரியும்படி பொலிஷ் போட்ட மண்ணிறச் சப்பாத்து.

பொன்னம்பலம் 'டக்' என்று குதிக்கால் சேர்த்து சலூட் அடித்தார்.

"கொலை, சேர்!"

இந்த சலூட்டைப் பார்த்துக் கான்ஸ்டபிள்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்க மாட்டார்களா? சிவபாதசுந்தரம் வேறு யாருமில்லை, பொன்னம்பலத்தின் சொந்த அக்கா மகன்! சின்ன வயதில் இவர் மூக்குத் துடைத்துவிட்ட பயல். அதுமட்டுமா... இன்னும் பதினாறு நாளில் இவருடைய ஒரே மகள் நாகேஸ்வரிக்குத் தாலி கட்டப்போகிற மாப்பிள்ளை! வெள்ளவத்தை வீட்டில் 'தம்பி', 'மாமா'. ஸ்டேஷன் படி ஏறினால் 'சேர்', 'சார்ஜன்'.

அதில் பொன்னம்பலத்துக்கு வெட்கமில்லை. பெருமைதான்.

சண்டையெல்லாம் வேறு விஷயத்தில்.

பொன்னம்பலம் பழைய காலத்து ஆள். புருஷன் பெண்சாதியை அடித்தானா? புருஷனுக்கு ஒரு அறை, பிறகு ஒரு பிளேன்டீ, தோளில் கை போட்டு நாலு வார்த்தை. விஷயம் முடிந்தது! புத்தகம், பேனை, கோர்ட் ஒன்றும் கிடையாது. "கதைச்சு முடிப்பம்" என்பதுதான் அவருடைய சட்டம்.

ட்ரெய்னிங் ஸ்கூலில் படித்த மருமகன் வந்து எட்டு மாதம். வந்த முதல் நாளே முறைப்பாட்டுப் புத்தகத்தை மேசையில் 'டமார்' என்று போட்டான்.

"இனி எல்லாம் இதில ஏறவேணும், சார்ஜன்! ஆர் வந்தது, எத்தினை மணி, என்ன சொன்னது... ஒவ்வொரு பதிவுக்கும் கீழ டியூட்டி ஒஃபிஸர் ஒப்பம் வைக்கவேணும். புத்தகத்தில இல்லாதது நடக்கேல்லை! விளங்குதோ?"

"விளங்குது, சேர்."

விளங்கியது. ஆனால் இருபத்தெட்டு வருஷப் பழக்கம் விடவில்லை.

அந்தப் பழக்கத்துக்குத்தான் இப்போது கணக்குக் கேட்டு டெலிபோன் வந்திருந்தது!

* * *

கிணற்றடி ஒழுங்கை. சின்ன ஓட்டு வீடு. வாசலில் கூட்டம்.

பொன்னம்பலம் படியில் குந்தி, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். கறுப்புச் சப்பாத்து இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், ஓரமாக நேராக வைத்தார். எந்த வீட்டுக்குள் போனாலும் இதுதான் வழக்கம். கள்ளன் வீடாக இருந்தாலும் சரி.

"சார்ஜன்! இதென்ன கோயிலே? க்ரைம் நடந்த இடம்! சப்பாத்தோட வாங்கோ!"

"செத்த வீடு, சேர்..."

சிவபாதசுந்தரம் உதட்டைச் சுழித்துவிட்டுச் சப்பாத்தோடு உள்ளே போனான். முன் அறைக்கும் தையல் அறைக்கும் நடுவே தலை தட்டும்படி பதிந்த மர நிலை. ஒரே இருட்டு. அவன் குனிந்து நுழைந்தான். பின்னால் போன கான்ஸ்டபிள் ராசிக்கின் நெற்றியில் 'டொக்'!

"உம்மாஓவ்!"

அடுத்த 'டொக்' பொன்னம்பலத்துக்கு. அவர் எப்போதும் வாசலில் நின்று உடுப்பை வாங்கிக்கொண்டு போகிறவர். உள்ளே வந்தது இதுதான் முதல் தரம்.

ராசிக் யன்னலைத் திறந்தான்.

வெளிச்சம் வந்தது. ஐயோ, வராமலே இருந்திருக்கலாம்!

மாக்ரெட் தையல் மெஷினில் தலை வைத்துக் கிடந்தாள். இருபத்துநாலு வயது. தகப்பன் துறைமுகக் குண்டில் போனார், தாய் காய்ச்சலில் போனாள். ஒற்றை ஆளாய் ஸ்டேஷன் பொலிஸ்காரர்களின் காக்கி தைத்துப் பிழைத்த பிள்ளை. பொன்னம்பலத்தின் கையிலிருந்த மூன்று பட்டியும் அவள் தைத்ததுதான். கழுத்தைச் சுற்றி அவளுடைய மஞ்சள் அளவு நாடா.

ஊசிக்குக் கீழே சிவப்புப் பட்டு. ஒரு கை தைத்து முடிந்த சட்டை. மற்றக் கை அவளுடைய மடியில்.

சிவபாதசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எழுதினான்.

"மணி நாலு அஞ்சு. எக்ஸிபிட் ஒண்டு, அளவு நாடா. எக்ஸிபிட் ரெண்டு, சிவப்புத் துணி..."

"தம்பி... இல்லை, சேர்..." பொன்னம்பலம் அந்தத் துணியைக் கை காட்டினார். "அது எங்கட நாகேசின்ர கலியாணக் கூறைக்குத் தைக்கிற சட்டை."

பேனை ஒரு கணம் நின்றது.

"எக்ஸிபிட் ரெண்டு... சிவப்புத் துணி," என்று எழுதி முடித்தான்.

பொன்னம்பலம் குனிந்து அந்தப் பிள்ளையின் கண்ணை மூடினார். "தொடாதேங்கோ!" என்று சீறினான் மருமகன். அவர் காதில் விழவில்லை. அவருடைய காதில் வேறொரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பது நாளுக்கு முந்திய குரல்.

அன்றைக்கு மாக்ரெட் ஸ்டேஷனுக்கு வந்தாள். சிவபாதசுந்தரம் கோர்ட்டுக்குப் போயிருந்தான். பொன்னம்பலம் மட்டும்.

"சார்ஜன்... ஒரு கம்ப்ளேன்ட் குடுக்கணும்."

"என்ன பிள்ளை?"

"ஒருத்தன் கல்யாணம் கட்டுறேன்னு ஆறு மாசமா என் வீட்டுக்கு வந்து போனான். இப்ப முகத்தைத் திருப்புறான். அவன் பேரு..."

"பொறு, பொறு! பேரைச் சொல்லாத!"

"ஏன் சார்ஜன்?"

"பேரைச் சொன்னால் நான் எழுதவேணும். எழுதினால் கோர்ட். கோர்ட்டெண்டால் அவன்ர பேர் நாறாது பிள்ளை, உன்ர பேர்தான் நாறும். நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறன். அவனையும் வரச்சொல்லு. கதைச்சு முடிப்பம்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். என்ன சிரிப்பு அது என்று அன்றைக்கு அவருக்குப் புரியவில்லை.

"சரி சார்ஜன். பேரைச் சொல்லலை. அப்ப... ஒங்க மகள் சட்டையைத் தைச்சு முடிச்சிடவா?"

"ஓம் பிள்ளை, பொன்னுருக்குக்கு முந்தி வேணும்!"

ஞாயிறு வந்தது. பொன்னம்பலம் கலியாணச் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனார். மாக்ரெட்டை மறந்தே போனார்!

இப்போது அவள் சட்டைக்கு மேலே செத்துக் கிடக்கிறாள். அன்றைக்கு ஒரு பேரைக் கேட்டு, ஒரு வரி எழுதியிருந்தால் இந்தப் பிள்ளை இருந்திருப்பாள். பொன்னம்பலம் சுவரில் தலையைச் சாய்த்து அழுதார்.

"சார்ஜன்! இங்க வாங்கோ!" கொல்லையிலிருந்து மருமகனின் குரல். கிணற்றுக் கட்டில் ஒரு அழுக்குத் துண்டு. "ஆற்ற துண்டு இது?"

கொல்லை வாசலில் நின்ற மீரா சாஹிப் எட்டிப் பார்த்தார். "வெறகு வண்டிக்கார சங்கிலிட துண்டு தொரெ. ஞாயித்துக் கெழம குடிச்சிட்டு வந்து இந்தப் புள்ளயோட கூச்சல் போட்டான். ஒழுங்கயே கேட்டீக்கி!"

சிவபாதசுந்தரத்தின் முகம் மலர்ந்தது.

"போதும்! ராசிக், கள்ளுத் தவறணைக்கு ஓடு! அமத்திக்கொண்டு வா அவனை!"

* * *

மாலை ஆறு மணிக்குச் சங்கிலி கம்பிக்குப் பின்னால் இருந்தான்.

"சாமி... சத்தியமா நான் தொடல சாமி! காலையில வெறகு போட்டேன். துண்ட கெணத்துல நனைச்சேன், மறந்துட்டேன். குடிக்காதன்னு அந்தப் புள்ள ஏசும். ஏசிட்டுச் சோறு போடும் சாமி! அத நான் கொல்லுவனா?"

பொன்னம்பலம் அவனை எத்தனையோ தரம் அறைந்திருக்கிறார். எத்தனையோ தரம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவனுடைய பொய் எது, மெய் எது என்று அவருக்குத் தெரியும்.

"சேர், இவனில்லை."

"எப்பிடித் தெரியும்?"

"முகத்தில தெரியுது."

"முகத்தைக் கோர்ட்டில எக்ஸிபிட் போடேலாது, சார்ஜன்! நான் உங்களைப்போலக் கை நீட்டி அடிக்க மாட்டன். துண்டு இருக்கு, சாட்சி இருக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்குக் கோர்ட். மூண்டு மாசத்தில தூக்கு!"

கம்பிக்குப் பின்னால் சங்கிலி 'ஓ' என்று அலறினான்.

பொன்னம்பலம் கையிலிருந்த சார்ஜன் பட்டியைப் பார்த்தார். சொன்னால் பட்டி போகும். பென்ஷனுக்கு இன்னும் ஐந்து மாதம். சொல்லாவிட்டால் சங்கிலியின் கழுத்து போகும்.

"சேர்... மாக்ரெட் ஒன்பது நாளைக்கு முந்தி இங்க வந்தவள். ஒருத்தன் ஏமாத்திப்போட்டான் எண்டு முறைப்பாடு சொன்னவள். நான்... எழுதேல்லை."

சிவபாதசுந்தரத்தின் முகத்தில் இரத்தம் இல்லை.

"பேர் சொன்னவளோ?"

"சொல்ல வந்தவள். நான்தான் சொல்ல விடேல்லை."

அவன் நீளமாக மூச்சு விட்டான். பிறகு எழுந்து வந்து அவருடைய தோளில் கை வைத்தான். எட்டு மாதத்தில் ஸ்டேஷனுக்குள் ஒரு நாளும் வராத சொல் அவன் வாயில் வந்தது.

"விடுங்கோ, மாமா. உங்கட சேர்விஸின்ர கடைசியில இது தேவையில்லை. புத்தகத்தில இல்லை... அப்ப நடக்கேல்லை. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

பாவம் மனுஷன்! மருமகனுக்குத் தன்மேல் எவ்வளவு அன்பு என்று நினைத்து அதற்கும் கண் கலங்கினார்.

* * *

வியாழக்கிழமை காலை எட்டு மணி.

பொன்னம்பலம் மீரா சாஹிப் வீட்டு வாசற்படியில் இருந்தார். சப்பாத்து ஓரமாக. மாக்ரெட் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அது. திரைச்சீலைக்குப் பின்னால் மீரா சாஹிப்பின் மனைவி கைருன்னிஸா. நேற்று சிவபாதசுந்தரம் வாசலில் நின்று "ஆராவது கண்டனீங்களோ?" என்று சத்தம் போட்டு, பதில் வராததால் 'பெண்கள் ஒன்றும் காணவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். திரைக்குப் பின்னால் இருக்கிறவர்களிடம் எப்படிக் கேட்பது என்று ட்ரெய்னிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்!

"தங்கச்சி, பயப்பிடாமல் சொல்லுங்கோ. நேற்றுப் பின்னேரம் ஆராவது அந்த வீட்டுக்கு வந்தவையோ?"

மீரா சாஹிப் கனைத்தார்.

"செல்லேன் கைருன். சார்ஜன் தொரெ நம்மட மனிசன்."

"அதுக்குத்தானே செல்லல்ல!" என்றாள் கைருன்னிஸா. குரல் அழுதது. "சார்ஜன் தொரெ... நீங்கதானே வந்தீங்க? ஒங்களுக்குக் கரச்சல் வரும்னுதான் நான் வாயத் தொறக்கல்ல."

"நானோ?!"

"லுஹர் தொழுக முடிச்சிட்டு, ரெண்டு மணி போல யன்னலால பாத்தேன். மாக்ரெட்ட வாசல்ல பொலிஸ் சப்பாத்து கழட்டி ஈந்திச்சி. சப்பாத்தக் கழட்டுற பொலிஸ்காரர் நீங்க ஒராள்தானே?"

நேற்று இரண்டு மணிக்கு அவர் ஸ்டேஷனில் ராசிக்கோடு டியூட்டியில் இருந்தார்.

அவர் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தார். ஒட்டி, நேராக, ஓரமாக.

"தங்கச்சி... அந்தச் சப்பாத்து எப்பிடிக் கிடந்தது? இப்பிடியோ?"

திரை கொஞ்சம் அசைந்தது.

"இல்ல தொரெ. ஒண்டு படியில குப்புற. மத்தது எங்கயோ எட்டிக் கெடந்திச்சி. ஒதறிப் போட்ட மாதிரி."

"நிறம்?"

"மண்ணெறம். பளபளண்டு."

மரியாதைக்குக் கழற்றுகிறவன் ஓரமாக வைப்பான். உதறிப் போட்டுவிட்டு உள்ளே போகிறவன் சொந்த வீட்டுக்குப் போகிறவன்! அவள் வீட்டைத் தன் வீடாக நினைத்த ஒருவன்...

ஸ்டேஷனில் மண்ணிறச் சப்பாத்து இரண்டு சோடிதான். ஒன்று பெரிய இன்ஸ்பெக்டர் துரையுடையது. அவர் போன கிழமையே லீவில் நுவரெலியாவுக்குப் போய்விட்டார்.

மற்றது...

ஐயோ!

இருட்டு அறை. பதிந்த நிலை. எல்லார் தலையிலும் 'டொக்'. ஒருவன் மட்டும் குனிந்து போனான்!

அது மட்டுமா? பட்டுத் துணியைக் கொடுத்த அன்று, "மாப்பிள்ளை வேற ஆருமில்லை பிள்ளை, எங்கட எஸ்.ஐ.தான்!" என்று இவர் பெருமை அடித்தபோது, மாக்ரெட்டின் கையிலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்ததே! "கை வழுக்கிட்டுது சார்ஜன்" என்றாளே!

அவள் சொல்ல வந்த பேர் அதுதான். இவர் கேட்க மறுத்த பேர் அதுதான்.

பொன்னம்பலம் எழும்பப் பார்த்தார். மீரா சாஹிப் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"என்ன தொரெ, சொகமில்லையா?"

"மொதலாளி... உங்கட மனிசி இதைக் கோர்ட்டில சொல்லுவாவோ?"

மீரா சாஹிப் திரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

"செல்லுவேன் தொரெ. அந்தப் புள்ள எண்ட கூடப் பொறந்த ராத்தாட மகளப் போல."

* * *

அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கரையோர ரயில் ஏறி வெள்ளவத்தைக்குப் போனார். ரயிலில் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காக்கிச் சட்டைக்காரன் அழுவதைச் சனம் பார்க்கக்கூடாது அல்லவா?

வீட்டில் எண்ணெய் மணம். நாகேஸ்வரி அடுப்படியில் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு மருமகன் வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குத் தங்கம் உருக்குகிற நாள்.

"என்னப்பா, இந்த நேரத்தில? சட்டை கொண்டுவந்தனீங்களோ?"

"பிள்ளை... மாக்ரெட் செத்துப்போனா. ஆரோ கழுத்தை நெரிச்சுப்போட்டாங்கள்."

கரண்டி கீழே விழுந்தது.

"ஐயோ! மாக்ரெட் அக்காவோ?! அளவெடுக்க வரேக்கை எனக்குப் பூ கொண்டுவந்தவ அப்பா! அவவுக்கெண்டு பணியாரம் வேற எடுத்து வைச்சனானே!" அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா... வழக்கம்போலக் கதைச்சு முடிச்சுப்போடாதேங்கோ. ஆராயிருந்தாலும் எழுதுங்கோ!"

பொன்னம்பலம் மகளைப் பார்த்தார். தாயில்லாமல் வளர்த்த பிள்ளை.

"நாகேஸ்... உனக்குத் தம்பியில நல்ல விருப்பமோ?"

"இதென்ன கேள்வி இப்ப?" கண்ணீரோடு சிணுங்கினாள். "சின்னனிலயிருந்து நான் வேற ஆரை நினைச்சனான்?"

மகளின் தலையைத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

அன்றைக்கு அவருக்கு அந்த ஸ்டேஷன் இருந்த திசையே வெறுத்தது.

* * *

ஒரு மணி இருபது.

"எங்க போனனீங்கள், சார்ஜன்? ரெண்டு மணிக்குக் கோர்ட்! சங்கிலியை ஜீப்பில ஏத்துங்கோ!"

பொன்னம்பலம் சலூட் அடித்தார். மேசைக்குப் போனார். முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனையை மையில் தோய்த்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"ஒரு முறைப்பாடு எழுத இருக்கு, சேர்."

"ஆற்ற?"

"மாக்ரெட்டின்ர."

"செத்தவள் முறைப்பாடு குடுப்பாளோ?!"

"பத்து நாளைக்கு முந்திக் குடுத்தவள், சேர். வேலை கொஞ்சம் பிந்திப்போச்சு."

சிவபாதசுந்தரம் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

பொன்னம்பலம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். அவருக்குத் தெரிந்த தமிழில்.

"மாக்ரெட் என்பவள் முறைப்பாடு செய்ய வந்தாள்... சார்ஜன் பொன்னம்பலம் ஆகிய நான் அதை எழுதவில்லை. அது என் குற்றம்... அடுத்து, கைருன்னிஸா என்பவரின் வாக்குமூலம். புதன்கிழமை பகல் இரண்டு மணியளவில், மாக்ரெட் வீட்டு வாசலில், உதறிப் போட்ட மண்ணிறப் பொலிஸ் சப்பாத்து ஒரு சோடி..."

"நிப்பாட்டுங்கோ!"

பேனை நிற்கவில்லை.

"மண்ணிறச் சப்பாத்துக் கொழும்பில ஆயிரம் பேர் போடுறாங்கள்!"

"ஓம், சேர். ஆனால் முதல் தரம் வந்த வீட்டில, கண் தெரியாத இருட்டில, நிலைக்குக் குனிஞ்சு போறவன் ஒராள்தான். ராசிக்கின்ர நெத்தி இன்னும் வீங்கியிருக்கு." அவர் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "இதில உங்கட கையெழுத்து. 'புதன், ஒண்டரை மணி, ரவுண்ட்ஸுக்கு வெளியேறினேன்.' எங்க போனதெண்டு எழுதேல்லை, சேர். நீங்கள் அப்பிடி விடுற ஆளில்லையே!"

சிவபாதசுந்தரம் கதவைச் சாத்தினான். திரும்பியபோது அவனுடைய முகம் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது.

"மாமா..."

"சொல்லுங்கோ, சேர்."

"அவள் வெள்ளவத்தைக்கு வரப்போறன் எண்டவள், மாமா. சட்டை போட்டுப் பார்க்கிற சாட்டில நாகேசிட்டை எல்லாம் சொல்லுவன் எண்டவள். கெஞ்சினனான். கேக்கேல்லை. நாடா கையில இருந்தது... நான் நினைச்சுச் செய்யேல்லை!"

"அப்ப சங்கிலி?"

கம்பிக்குப் பின்னால் சங்கிலி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்களிட்டைச் சொல்ல வந்தவளெல்லே! நீங்கள் கேக்கேல்லை!" சிவபாதசுந்தரம் வெடித்தான். "நீங்கள் அண்டைக்கு எழுதியிருந்தால் அவள் இருந்திருப்பாள்! நானும் கொலைகாரனாகியிருக்க மாட்டன்!"

உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

"ஓம்," என்றார் பொன்னம்பலம். "அதைத்தான் மேல எழுதியிருக்கிறன்."

கண்ணீர் சொட்டி மை பரவியது. சட்டைக் கையால் ஒற்றிவிட்டு, பேனையை மறுபடி தோய்த்தார்.

"இனிப் பேர் எழுதவேணும்."

"மாமா! வேண்டாம்!" சிவபாதசுந்தரம் அவருடைய காலில் விழுந்தான். பொலிஷ் போட்ட சப்பாத்து தரையில் தேய்ந்தது. "நாளைக்குப் பொன்னுருக்கு! நாகேசை நினையுங்கோ! அம்மாவை நினையுங்கோ! எழுதாதேங்கோ மாமா... கதைச்சு முடிப்பம்!"

கதைச்சு முடிப்பம்!

தன்னுடைய சொல்லை வேறொரு வாயில் கேட்டார் பொன்னம்பலம். அது இவ்வளவு அசிங்கமாகக் கேட்கும் என்று இருபத்தெட்டு வருஷமாக அவருக்குத் தெரியாமல் போய்விட்டதே!

அக்காவை நினைத்தார். மகளை நினைத்தார். ஒரு கை தைத்து, மறு கை தைக்காமல் கிடந்த சிவப்புச் சட்டையை நினைத்தார்.

பத்து நாளுக்கு முன் கேட்க மறுத்த பேரை, ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக எழுதினார்.

சி... வ... பா... த... சுந்தரம்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். சிவபாதசுந்தரம் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"ஆர்?!"

"ஹெட் குவாட்டர்ஸ் பெரிய துரை, சேர். வரேக்கையே கோட்டை ரயில் ஸ்டேஷனிலயிருந்து டெலிபோன் பண்ணிப்போட்டுத்தான் வந்தனான். எனக்கு டெலிபோன் பிடிக்காது. இண்டைக்கு வேற வழியில்லை."

பொன்னம்பலம் எழுந்தார். சாவியை எடுத்துச் சங்கிலியின் கதவைத் திறந்துவிட்டார். "போய் ராசிக்கிட்ட ஒரு பிளேன்டீ வாங்கிக் குடி," என்றார். பிறகு திரும்பி வந்து, கையிலிருந்த மூன்று பட்டியையும் நூல் பிரித்து, கழற்றி மேசையில் வைத்தார். அவள் தைத்த தையல். இலேசில் பிரியவில்லை.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

சார்ஜன் பொன்னம்பலம் குதிக்கால் சேர்த்து, தன்னுடைய மருமகனுக்குக் கடைசி சலூட் அடித்தார். கன்னம் முழுக்க ஈரம். புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி, பேனையை நீட்டினார்.

"டியூட்டி ஒஃபிஸர் நீங்கள்தானே... கீழ ஒரு ஒப்பம் வையுங்கோ, சேர். புத்தகத்தில ஏறாட்டி நடக்கேல்லையெல்லே!"